நான்காம் நம்பர் விதைக்கிழங்கு

போன மாதம் என்னைப் பார்க்க ஒரு விவசாய அதிகாரி வந்திருந்தார். வேலையில் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாத பெண். கைப்பையிலிருந்து ஒரு கண்ணாடித் தகட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். கொண்டு வந்திருந்த உருளைக்கிழங்கு இலையைக் கசக்கி அதில் ஒரு சொட்டுச் சாறு விட்டார். பக்கத்தில் ஒரு சின்னக் குப்பியிலிருந்து இன்னொரு சொட்டு. முயல் இரத்தத்திலிருந்து எடுத்த சீரமாம். குச்சியால் இரண்டையும் கலந்து தகட்டை இப்படியும் அப்படியும் சாய்த்தார். கொஞ்ச நேரத்தில் அந்தச் சாறு, பால் திரிவதுபோல் திப்பி திப்பியாகத் திரண்டது.

“வைரஸ் இருக்கு சார். டெஸ்ட் அவ்வளவுதான்” என்றார்.

எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. நோயில்லாத இலையை வைத்து ஒரு தடவை செய்யச் சொன்னேன். அது திரளவில்லை. மறுபடி நோயுள்ள இலை. திரண்டது. மூன்று தடவை செய்துகாட்ட வைத்த பிறகுதான் அவரை விட்டேன்.

“உங்க காலத்துல இது இல்லாம எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டார். சொல்ல ஆரம்பித்தேன். அவருடைய பஸ் போய்விட்டது, அடுத்த பஸ்ஸும் போய்விட்டது. கடைசியில், எழுதித் தருகிறேன் அம்மா என்று அனுப்பிவைத்தேன்.

மதுரையில் உருளைக்கிழங்கு ஏது என்று சிலர் கேட்கலாம். விளைந்தது கொடைக்கானல் மலையில்தான். ஆனால் மலைக்காரர்கள் விதைக்கிழங்கு வாங்க இறங்கி வந்தது சிம்மக்கல்லுக்கு. அங்கே மொத்த வியாபாரிகளின் கிட்டங்கிகளில், பல ஊர்களிலிருந்து ரயிலில் வந்த மூட்டைகள் கூரை முட்ட அடுக்கியிருக்கும். கிழங்கு பருத்து, தோல் வழவழப்பாக இருந்தால் நல்ல விதை என்று அர்த்தம். வேறு சோதனை கிடையாது. யுத்தத்துக்கு முந்தின வருடங்கள் அவை. மலையில் விளைச்சல் வருடத்துக்கு வருடம் இறங்கிக்கொண்டிருந்தது. முழங்கால் உயரம் வர வேண்டிய செடி ஒரு சாணோடு நின்றது. தோண்டினால் கோலிக்குண்டு அளவுக் கிழங்கு. மண் செத்துப்போச்சு என்றார்கள் சிலர். சாமி குற்றம் என்றார்கள் சிலர்.

மண் நன்றாகத்தான் இருந்தது. கெட்டது விதை. செடிக்குள் புகுந்த வைரஸ் அதன் கிழங்குக்குள் இறங்கிவிடும். அந்தக் கிழங்கை நட்டால், முளைக்கிற செடி முளைக்கும்போதே நோயாளி. கிழங்கை அறுத்துப் பார்த்தாலும் தெரியாது. சமைத்துச் சாப்பிட்டால் ருசியிலும் குறை இருக்காது. இலையில் மட்டும் தெரியும். பச்சைக்குள் வெளிறிய பச்சையாக, மனிதத் தோலில் தேமல் படர்ந்த மாதிரி. தேமல் நோய் என்றே அதற்குப் பெயர்.

நான் இந்த வேலைக்குள் வந்தது என் கண்ணால்தான். எங்கள் அப்பா சாயப்பட்டறை வைத்திருந்தார். நாங்கள் சௌராஷ்டிரர்கள். படிப்பு முடித்துப் பட்டறைக்குப் போகாமல் விவசாய இலாகாவில் மேஸ்திரியாகச் சேர்ந்தேன். மேஸ்திரி என்றால் அதிகாரிக்கும் விவசாயிக்கும் நடுவில் சைக்கிள் மிதிக்கிறவன். பருத்தி, நெல் என்று ஐந்து வருடம் மேலூருக்கும் திருமங்கலத்துக்கும் மிதித்தேன். அந்த ஐந்து வருடத்தில் சொல்லும்படியாக நடந்தது டயர் கிழிந்ததுதான்.

பிறகு ஜெயசீலன் வந்தார். பாளையங்கோட்டைக்காரர். கோயமுத்தூர் காலேஜிலிருந்து நேராக வந்த இன்ஸ்பெக்டர். என்னைவிட மூன்று வயது இளையவர், எனக்கு அதிகாரி. முதல் நாள் என்னையும் இன்னும் நான்கு மேஸ்திரிகளையும் கூப்பிட்டு, மேஜைமேல் பத்து இலைகளைப் பரப்பி, “இதுல எது வேற மாதிரி இருக்கு?” என்று கேட்டார். நான் ஏழாவது இலையைத் தொட்டேன்.

“எப்படிச் சொல்றீங்க?”

“எங்க பட்டறையில பச்சை நூல்லயே ஏழு பச்சை உண்டு சார். இது ரெண்டு பச்சை சேர்ந்து இருக்கு.”

அவர் சிரிக்கவில்லை. ஆனால் முகம் மலர்ந்துவிட்டது. “நாளைக்கு என்கூட சமயநல்லூர் வாங்க” என்றார்.

சமயநல்லூரில், திண்டுக்கல் ரோட்டை ஒட்டி, ஒச்சப்பன் என்ற விவசாயியின் கிணற்றுத் தோட்டத்தில் கொஞ்சம் இடம் குத்தகைக்கு எடுத்திருந்தார். ஜெயசீலனின் திட்டம் எளிமையானது. மலையில் வயல் வயலாக நோயைத் தேடி ஓடுவதைவிட, விதை மூட்டைகள் எல்லாம் ஒன்றுசேரும் மதுரையிலேயே மறித்துப் பிடிக்க வேண்டும். வடகிழக்கு மழை தொடங்கும் மாதங்களில், மதுரைச் சமவெளியிலும் உருளைக்கிழங்குச் செடி சட்டியில் வளரும். கிழங்கு வைக்குமோ வைக்காதோ, இலை விடும். நமக்கு வேண்டியது இலைதானே.

வேலை இப்படி நடக்கும். சிம்மக்கல் கிட்டங்கியில் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு நம்பர் கொடுப்போம். ஒவ்வொரு சரக்கிலும் மேல்மூட்டை, நடுமூட்டை, அடிமூட்டை என்று கலந்து ஐம்பது கிழங்கு பொறுக்குவேன். ஒரு கிழங்குக்கு ஒரு கண். அந்த முளைக்கண்ணைச் சுற்றிக் கட்டைவிரல் நுனி அளவுக்குச் சதையோடு குடைந்து எடுக்க வேண்டும். எடுத்ததும் கத்தியை ஸ்பிரிட்டில் முக்கி, விளக்கில் காட்டி, ஆறவிட்டு, அதற்குப் பிறகுதான் அடுத்த கிழங்கு. ஒரு தடவை அவசரத்தில் விளக்கில் காட்டாமல் அடுத்ததை எடுத்துவிட்டேன். ஜெயசீலன் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இரண்டு கிழங்கையும் அதுவரை வெட்டிய இருபதையும் கூடையோடு எடுத்து வெளியே வைத்துவிட்டு, “முதல்ல இருந்து ஆரம்பிக்கலாம்” என்றார். கோபமே இல்லாத குரல். அன்றிலிருந்து இன்றுவரை வீட்டில் காய் நறுக்கும்போதுகூட எனக்குக் கத்தியைக் கழுவத் தோன்றும்.

குடைந்த கண்ணைச் சாம்பலில் புரட்டி, சட்டியில் நட்டு, நம்பர் குச்சி செருகி, மேலே மல் துணியால் கூடாரம் போடுவோம். அசுவினிப் பூச்சி ஒரு செடியில் சாறு குடித்துவிட்டு அடுத்ததில் உட்கார்ந்தால் நோய் தாவிவிடும். பன்னிரண்டு சரக்கு, அறுநூறு சட்டி. ஒச்சப்பன் முதல் நாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

“மேஸ்திரி, இம்புட்டுச் சட்டிக்கும் கொசுவலை கட்டிப் படுக்கப்போடுறீகளே, எம்புட்டுக் கெழங்கு வரும்?”

“கிழங்கு வராதுண்ணே.”

“பெறகு?”

“இலை வரும்.”

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார். ஆனால் ஒரு வேளைகூடத் தண்ணீர் ஊற்ற மறக்கவில்லை.

செடியைப் பார்ப்பதற்கும் முறை உண்டு. நேர்வெயிலில் இலை பளபளக்கும், தேமல் தெரியாது. ஜெயசீலன் ஒரு கறுப்புக் குடையை விரித்துச் செடிமேல் நிழல் விழச் செய்து, இலைக்குக் கண் பழகும்வரை காத்திருந்து பார்ப்பார். தேறிய சரக்கின் மூட்டைகளில் கட்டும் அட்டையில் எழுதுவதிலும் கறார். ‘நோய் இல்லை’ என்று எழுதக் கூடாது. ‘நோய் காணவில்லை’ என்றுதான் எழுத வேண்டும். எனக்கு அது வக்கீல் பேச்சாகப் பட்டது.

அந்த வருடம் நான்காம் நம்பர் சரக்குதான் ராஜா. எண்பது மூட்டை. ஒவ்வொரு கிழங்கும் கைக்கு அடக்கமாக, தோலில் ஒரு சிராய்ப்பு இல்லாமல் இருந்தது. செடியும் அப்படியே. ஒன்பதாம் நம்பர் அதற்கு நேர்மாறு. சின்னக் கிழங்கு, சொறி பிடித்த தோல். கிட்டங்கிக்காரர் அதை மூலையில் தள்ளி வைத்திருந்தார்.

மார்கழி பிறந்ததும் ஒரு மலைக்காரர் வந்தார். பொன்னையா என்று பெயர், நாற்பது வயதிருக்கும். பதினோரு குடும்பங்களுக்குச் சேர்த்து அவர் ஒருவராக விதை வாங்க வந்திருந்தார். “ரெண்டு வெள்ளாமை போச்சு. இதும் போச்சுன்னா ஊரோட காப்பித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகவேண்டியதுதான்” என்றார். நான்காம் நம்பரைக் கையில் எடுத்தவர் கீழே வைக்கவில்லை. மூன்று தடவை செடிகளைப் பார்த்திருந்தேன், மூன்றிலும் சுத்தம். நான்தான் அட்டை எழுதினேன். ஜெயசீலன் கையெழுத்துப் போட்டார். எண்பது மூட்டையிலும் எண்பது அட்டை கட்டினோம். வியாழக்கிழமை காலை லாரி ஏற்றுவதாக ஏற்பாடு.

செவ்வாய்க்கிழமை புயல் மழை பிடித்தது. இரண்டு நாள் சூரியனைக் காணோம். வைகையில் தண்ணீர் பெருகி ஓடுகிறது என்று ஊரே பார்க்கப் போனது. வியாழன் காலை மழை தூறலாகக் குறைந்ததும், சட்டிகளில் தண்ணீர் தேங்கியிருக்குமே என்று சைக்கிளில் சமயநல்லூர் போனேன். குளிரில் பல் கிட்டியது. நான்காம் நம்பர் கூடாரத்தின் துணியைத் தூக்கினேன்.

முதல் சட்டியில் இலை வெளிறித் திட்டுத் திட்டாக இருந்தது.

கண் ஏமாற்றுகிறது என்று நினைத்து ஒன்பதாம் நம்பருக்கு ஓடினேன். அங்கே இலை ஒரே பச்சை, சாயத்தில் சமமாகத் தோய்த்தெடுத்த நூல் மாதிரி. திரும்பி வந்து நான்காம் நம்பரை வரிசையாக எண்ணினேன். ஐம்பதில் முப்பத்தெட்டு தேமல். மூன்று நாளைக்கு முன்னால் இதே செடிகளை இதே கண்ணால் பார்த்து ‘நோய் காணவில்லை’ என்று எழுதியிருக்கிறேன். அந்த நிமிடத்தில் பயத்தைவிடப் பெரிதாக ஒன்று எனக்குள் எழுந்தது. வெயிலும் சூடும் இருந்தவரை நோய் ஒளிந்திருந்திருக்கிறது. இரண்டு நாள் குளிர்ந்ததும் வெளியே வந்துவிட்டது. அதை நான் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் லாரி நினைவு வந்தது. சிம்மக்கல்லில் ஏற்றி மலைக்குப் போகிற லாரி இந்த ரோட்டில்தான் வர வேண்டும். சேற்றில் வழுக்கி விழுந்து எழுந்து ஓடினேன். ரோட்டில் போய் நின்றதும் பரவைப் பக்கமிருந்து அது வந்துகொண்டிருந்தது. தார்ப்பாய் போட்டு மூடிய மூட்டைகள். நடுரோட்டில் இரண்டு கையையும் விரித்து நின்றேன்.

டிரைவர் பிரேக் போட்டு வாய்க்கு வந்தபடி திட்டினார். பக்கத்திலிருந்த பொன்னையா இறங்கி வந்தார். “என்ன மேஸ்திரி, வழியனுப்ப வந்தீகளா?”

“இந்த விதை மலை ஏறக் கூடாது. நோய் இருக்கு.”

அவர் முகம் மாறிவிட்டது. மூட்டையிலிருந்து ஒரு அட்டையைப் பிய்த்து என் முன்னால் நீட்டினார். “இது யார் எழுத்து?”

“என்னோடதுதான்.”

“திங்கக்கெழமை இல்லாத நோவு இன்னைக்கு எங்கிட்டு இருந்து வந்துச்சு? நீங்க வேற ஆளுக்கு விலை பேசிட்டீகளா?”

அந்தக் கேள்விக்கு நான் கோபப்பட்டிருக்கலாம். கோபப்படும் தகுதி எனக்கு இல்லை. “வந்து பாருங்க” என்று மட்டும் சொன்னேன். பார்த்தார். அவர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. தெரிந்தாலும் ஒத்துக்கொள்கிற நிலையில் அவர் இல்லை. “மழைக்கு எல வெளுக்கத்தானே செய்யும்?” என்றார். அப்படியானால் ஒன்பதாம் நம்பர் ஏன் வெளுக்கவில்லை என்று கேட்டேன். டிரைவரிடம் லாரியை ஓரமாக நிறுத்தச் சொன்னார்.

ஒச்சப்பனின் அண்ணன் மகனைப் பதினோரு மணி ரயிலில் மதுரைக்கு அனுப்பி ஜெயசீலனை வரவழைத்தேன். நனைந்துகொண்டே வந்தார். குடை வேண்டியிருக்கவில்லை, வானமே நிழலாக இருந்தது. ஐம்பது சட்டியையும் ஒன்றுவிடாமல் பார்த்தார். பிறகு நேராகப் பொன்னையாவிடம் போனார்.

“தப்பு என்னோடது. சூட்டுல தேமல் மறையும்னு படிச்சிருக்கேன். மார்கழிதானே, மதுரையும் குளுந்துதான் இருக்கும்னு நினைச்சுட்டேன். இவரு எழுதினதுல நான் கையெழுத்துப் போட்டேன்.”

ஒரு அதிகாரி ஒரு விவசாயியிடம் இப்படிப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. பொன்னையாவும் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். கையிலிருந்த அட்டையை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

“சரி. நோவுண்டு எனக்குத் தெரியிற மாதிரி ஒரு வழி சொல்லுங்க. என் கண்ணுக்கு. ஊருக்கு நாந்தேன் பதில் சொல்லணும்.”

“ஊமத்தஞ்செடி இருக்கா இங்க?” என்று கேட்டார் ஜெயசீலன்.

ஒச்சப்பன் சிரித்தார். “ஊமத்தைக்கா பஞ்சம்?”

ஊமத்தைக்கு இந்த வைரஸ் சட்டென்று தொற்றும், தொற்றினால் இலையில் பளிச்சென்று காட்டும். மூட்டைகளை ஒச்சப்பனின் மாட்டுக் கொட்டத்தில் இறக்கிவிட்டு லாரியை அனுப்பினோம். வாய்க்கால் கரையிலிருந்து இருபது இளஞ்செடிகளைப் பிடுங்கிச் சட்டியில் வைத்து, மூன்று நாள் வேர் பிடிக்கவிட்டோம். நான்காம் நம்பர் இலையை அரைத்துச் சாறு எடுத்து, நுண்மணலோடு சேர்த்து, பத்து ஊமத்தையின் இலைகளில் லேசாகத் தேய்க்க வேண்டும். இன்னொரு பத்துக்கு ஒன்பதாம் நம்பர் சாறு. தேய்க்கும் வேலையை ஜெயசீலன் எங்களிடம் விடவில்லை. பொன்னையாவின் கையை சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, அவரையே தேய்க்கச் சொன்னார். எதற்கு எது என்பதைக் குச்சியில் பொன்னையாவே குறித்தார்.

வெயில் மீண்டும் வந்துவிட்டதால், நனைத்த சாக்குகளைச் சுற்றிலும் தொங்கவிட்டு ஒரு குளிர்ந்த பந்தல் போட்டோம். ஒச்சப்பனும் நானும் மணிக்கு ஒரு தடவை சாக்கில் தண்ணீர் தெளித்தோம். பொன்னையா ஊருக்குப் போகவில்லை. கொட்டத்தில் தன் மூட்டைகளுக்குப் பக்கத்திலேயே படுத்தார். தை பாதிக்குள் நடவு முடிய வேண்டும். ஒவ்வொரு நாளும் அவருக்கு ஒரு நாள் குறைகிறது. கிட்டங்கிக்காரர் இரண்டு தடவை ஆள் அனுப்பினார். “கண்ணுக்கு லட்சணமான சரக்க மாட்டுக் கொட்டத்துல போட்டு வச்சிருக்கீக” என்று அந்த ஆள் என்னிடம் வருத்தப்பட்டுவிட்டுப் போனான்.

தேய்த்து ஐந்தாம் நாள் ஒன்றும் இல்லை. ஆறாம் நாளும் இல்லை. ஏழாம் நாளும் இல்லை. நாங்கள் சொன்னது தப்பாகப் போனால் ஒரு ஊரின் நடவைக் கெடுத்தவர்கள் ஆவோம். ஜெயசீலன் தினமும் வந்தார், பார்த்தார், நோட்டில் எழுதினார், போனார்.

எட்டாம் நாள் விடிந்ததும் நான் சைக்கிளை நிறுத்துகிறேன், பொன்னையா பந்தலுக்குள்ளிருந்து கூப்பிட்டார்.

“மேஸ்திரி, இங்கிட்டு வாங்க. இதென்ன, மோதிரம் மாதிரி?”

ஊமத்தையின் புதுத் துளிர் இலையில் மஞ்சள் வளையங்கள். சின்னச் சின்னதாக, ஒன்றுக்குள் ஒன்று. அவர் விரல் அடுத்த சட்டிக்குப் போனது. அதிலும் வளையம். மூன்றாவதிலும். பத்தில் ஒன்பது. அவரே எழுந்து அந்தப் பக்கத்துப் பத்துக்கும் போனார். ஒவ்வொரு இலையையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஒன்றிலும் இல்லை. குச்சியில் தானே போட்ட குறியை வாசித்தார். மறுபடி வாசித்தார். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது, கட்டிப்பிடித்தும்விட்டேன். ஒச்சப்பன் தண்ணீர் வாளியோடு நின்று, “என்னண்டுதேன் சொல்லுங்களேன்” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

நான்காம் நம்பர் எண்பது மூட்டையும் பரவைச் சந்தைக்குப் போனது. கறிக்கு அருமையான கிழங்கு. என் வீட்டிலும் வாங்கிச் சமைத்தோம். அட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து எண்பதையும் நானே எரித்தேன். ஜெயசீலன் மேலிடத்துக்குத் தன் பெயரைப் போட்டு, தன் தவறு இன்னது என்று எழுதி அனுப்பினார். அதற்காக அவருக்கு ஒரு வருடம் சம்பள உயர்வு நின்றது. அதுகூட எனக்கு ஆபீஸ் கிளார்க் சொல்லித் தெரியும்.

மற்ற சரக்குகளில் சிலவற்றில் தேமல் கண்டிருந்தது, சில விற்றுப்போயிருந்தன. பொன்னையாவுக்கு மிச்சமிருந்தது ஒன்பதாம் நம்பர் மட்டும்தான். நாற்பதே மூட்டை, சொறிக் கிழங்கு. கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். “இதக் கொண்டுபோனா ஊருல கல்லெடுத்து எறிவாங்க” என்றார். கையிலிருந்ததை மூட்டைக்குள் போட்டார். “நான் தேச்சுப் பாத்தேண்டு சொல்றேன். ஏத்துங்க.”

அந்த வருடம் சித்திரை கடைசியில் ஜெயசீலனும் நானும் மலை ஏறினோம். ஒன்பதாம் நம்பர் நட்ட வயல்களுக்கு வழி கேட்கவே தேவை இருக்கவில்லை. தூரத்திலிருந்தே தெரிந்தது, தொடை உயரத்துக்குக் கருகருவென்று நின்றது. மண்வெட்டி போட்ட முதல் கொத்தில் ஒரு செடிக்குப் பதினான்கு கிழங்கு வந்தது. பொன்னையாவின் மனைவி அதை மடியில் வாங்கிக்கொண்டு, சத்தமாக எண்ணிவிட்டு, நம்பாமல் மறுபடி எண்ணினாள். பொன்னையா அடுத்த செடிக்கும் அதற்கடுத்த செடிக்கும் ஓடிக்கொண்டிருந்தார்.

அவர் செய்த காரியம் ஒன்று எங்களுக்கே தோன்றவில்லை. விளைந்ததில் மிக நல்ல செடிகளின் கிழங்கைத் தனியாகப் பிரித்து, மற்ற வயல்களுக்கு எட்டாத உச்சித் துண்டு நிலத்தில் விதைக்காகவே நட்டார். மேகம் கவிந்த நாட்களில் வீட்டிலுள்ள எல்லாரும் வரிசையாக நடந்து, தேமல் கண்ட செடியை வேரோடு பிடுங்கினார்கள். இரண்டு வருடம் இப்படி.

மூன்றாம் வருடம் கார்த்திகையில், சமயநல்லூர்த் தோட்டத்து வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. மலையிலிருந்து வந்த லாரி. அதுவரை அந்த ரோட்டில் உருளை விதை ஏறித்தான் போயிருக்கிறது, இறங்கி வந்து யாரும் பார்த்ததில்லை. பொன்னையா குதித்து இறங்கினார். அறுபது மூட்டை, எல்லாம் அவர் ஊர் விதை.

“சிம்மக்கல்லுக்கா கொண்டுபோறீங்க?” என்று கேட்டேன்.

“யாவாரத்துக்குப் பெறகு வாரேன் மேஸ்திரி. மொதல்ல சட்டியில போட்டுப் பாருங்க” என்று சொல்லிவிட்டு, மேல்மூட்டையில் ஒன்று, நடுமூட்டையில் ஒன்று, அடிமூட்டையில் ஒன்று என்று தானே பொறுக்கி என் கூடையில் ஐம்பது கிழங்கை எண்ணி வைத்தார்.